ஒரு ஓட்டு 176, இன்னொரு ஓட்டு 7

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் எல்லா ஓட்டும் ஒன்றில்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் வெறும் 7.

மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி 1000-ஆல் வகுக்கிறார்கள். எந்த வருஷத்து மக்கள்தொகை? 1971! குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதென்று அதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களுக்குப் பங்கிட்டால், 2022-ல் தலைக்கு 700. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது.

அப்புறம் வாக்குச்சீட்டு: எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.க்கு இளஞ்சிவப்பு. அங்கே தரும் ஊதா மைப் பேனாவால்தான் 1, 2, 3 என விருப்ப வரிசை எழுத வேண்டும். சட்டைப்பை பேனாவை எடுத்தால் செல்லாத ஓட்டு!

இவருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவும் இங்கே செல்லாது. பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால், கடைசி ஆள் வெளியே. அவர் சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 1969-ல் சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி இப்படித்தான் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்தார். சில மாதங்களில் அந்தக் கட்சியே இரண்டானது.