குறைந்த எண்ணும் ஒரு முகவரிக் கட்டமும்

டர்பனில் உள்ள ஓர் ஆய்வகத்தில், கருப்பைவாய்த் திசு மாதிரிகளைப் பதிவுசெய்து பரிசோதனைக்கு அனுப்பும் பணியில் இருக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லத் தயங்குவேன். 1986இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு, பெரும்பாலும் ஆய்வகங்களின் திசுப் பரிசோதனை அறிக்கைகளைக் கொண்டே கணக்கெடுத்து வந்திருக்கிறது. திசு எடுக்கப்படாமலேயே, இரத்தப்போக்கோடு வீட்டில் கிடந்து இறந்துபோகும் பெண் அந்தக் கணக்கில் வருவதில்லை. மருத்துவமனை எட்டாத மாவட்டத்தின் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து, அங்கே நோயும் குறைவு என்று முடிவுகட்டிவிட முடியாது.

எங்களுக்கு வரும் படிவத்தில் முகவரிக்கென்று ஒரு சிறிய கட்டம் உண்டு. பல நேரங்களில் அதில் அனுப்பிய கிளினிக்கின் பெயர்தான் இருக்கும். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய உம்கன்யாகுடே மாவட்டத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் ஒரு தாய், கதிர்வீச்சுச் சிகிச்சை முடியும்வரை டர்பனை ஒட்டிய உம்லாசியில் மகள் வீட்டில் தங்குகிறார் என்றால், கட்டத்தில் அந்த வீட்டு முகவரியே ஏறிவிடும். டர்பனின் எண்ணில் ஒன்று கூடும்; அவருடைய மாவட்டத்தில் ஒன்று குறையும். வசதிகளை எங்கே பெருக்குவது என்பதை இத்தகைய எண்களை வைத்துத் தீர்மானித்தால், அல்லல்படும் ஊர் மேலும் பின்னுக்குப் போகும். ஐயம் எழும்போதெல்லாம் கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த அம்மா உண்மையில் எங்கே வாழ்ந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

நோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு, எச்.ஐ.வி. மிகுதியாகப் பரவியுள்ள மாகாணங்களில் எங்கள் குவாசுலு-நட்டால் ஒன்று. தேசியப் பதிவேட்டில் இந்திய வம்சாவளிப் பெண்களின் விகிதம் கறுப்பினப் பெண்களுடையதைவிடக் குறைவாக இருப்பதை வைத்து, இது நம்மவர்களுக்கு வராத நோய் என்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் படித்தவர்களே சொல்லக் கேட்டு வருந்தியிருக்கிறேன். விகிதம் குறைவு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. தன்னைப் பரிசோதித்துக்கொள்ளாத தனி ஒருத்திக்கு அது எந்தக் காப்பும் அல்ல.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்த பிறகு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வேளையில் இதைப் பேசுவேன். அரசின் 2000ஆம் ஆண்டுக் கொள்கையே முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில் அரசு கிளினிக்குகளில் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் இலவச பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு வழிசெய்துவிட்டது என்றும், 2014 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயது நிறைந்த நான்காம் வகுப்புச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கினார்கள் என்றும் விளக்குவேன். இந்த ஆண்டு, ஐம்பதைக் கடந்த ஒரு பெரியம்மா தயங்கித் தயங்கி, "எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே அம்மா, பிறகு எதற்கு?" என்றார். தொந்தரவு தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே செல்களின் மாற்றம் கண்ணாடித் தகட்டில் தெரிந்துவிடும், அந்த நிலையில் புற்றுநோய் ஆகாமலே தடுத்துவிடலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, முப்பத்திரண்டு வயது மருமகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கட்டாயம் கூட்டிப் போங்கள், படிவத்தில் வீட்டு முகவரியை முழுமையாக எழுதச் சொல்லுங்கள் என்றேன்.