காசு அசல்தான், கிடந்த இடம்?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் செம்பனை மறுநடவுக்கு மண் புரளும் காலத்தில் வாட்சாப்பில் அந்தப் படம் வராமல் இருக்காது. உள்ளங்கையில் பச்சை பிடித்த வட்டத் தகடு, கீழே "சோழர் காசா பாருங்கண்ணே" என்று ஒரு வரி. செமிலிங் பக்கம் சுங்கை பத்து அகழாய்வுத் தளம், அதற்கப்பால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். பழைய கடாரத்தின் மேலேயே குடியிருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. 1025-இல் ராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெருமைதான் சோதனையைக் கெடுக்கிறது. ஆசையோடு பார்த்தால் தேய்ந்த எந்தக் கோடும் புலியாகத் தெரியும்.

கேட்க வேண்டியவை இரண்டு. காசு அசலா? அது பழங்காலத்திலேயே இந்த மண்ணுக்கு வந்ததா? முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று வந்ததும் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1957-இல் பூர்வகுடிகளின் பழைய குடியிருப்பு ஒன்றில் சிறு வெள்ளிக் காசு கிடைத்ததாகச் சொன்னார்கள். முதலில் ஆங்கிலேயக் காசு என்று நினைத்திருந்து, 1970-களின் கடைசியில்தான் 11-ஆம் நூற்றாண்டு நார்வே காசு என்று கண்டுகொண்டார்கள். காசு அசல் என்பதில் சண்டை இல்லை. அது மண்ணிலேயே கிடந்ததா, பிற்காலத்தில் யாராவது கொண்டுவந்து போட்டதா என்பதில்தான் சண்டை. 1713-இல் டிரான்சில்வேனியாவில் (இன்றைய ருமேனியா) கிடைத்ததாகப் பதிவான ஸ்பான்சியன் தங்கக் காசின் கதை வேறு. அங்கே காசின் மேலேயே சந்தேகம். வேறெங்கும் பெயர் வராத ரோமப் பேரரசன், அச்சில் அடிக்காமல் வார்த்த காசு, ஒழுங்கில்லாத எடை. போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 2022-இல் ஓர் ஆய்வுக் குழு தேய்மானக் கீறல்களையும் மேலே கெட்டிப்பட்ட மண்ணையும் நுண்நோக்கியில் காட்டி அசல் என்றது. நாணயவியலார் பலர் ஏற்கவில்லை.

நம் ஊர்ப் படத்துக்கு வருவோம். கையில் வைத்து எடுத்த படம் எதற்கும் உதவாது. வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோலைப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும். இரண்டு முகத்தையும் எடுப்பவர்கள் விளிம்பை விட்டுவிடுகிறார்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

கருவிகள் சாதாரணம்தான்: 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் அளவி, 10 மடங்கு லென்ஸ், காந்தம். காந்தம் பலமாக இழுத்தால் உள்ளே இரும்பு, பேச்சு முடிந்தது. ஆனால் சுங்கை பத்து இரும்பு உருக்கிய இடம். அந்தப் பக்கத்து மண்ணும் கசடும் ஒட்டியிருந்தால் நல்ல செப்புக்காசையும் காந்தம் லேசாக இழுக்கலாம்.

அடர்த்தி பார்க்கத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் காசைக் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. காய்ந்த காசின் எடையை அதால் வகுக்க வேண்டும். 4.20 கிராம் காசு 0.47 காட்டினால் அடர்த்தி 8.94. தூய செம்பு 8.96, வெள்ளீயம் 7.31, வெள்ளி 10.49, ஈயம் 11.34. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறையும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு போதும், குமிழி விட்டுவிடும். காசு அடியில் பட்டால் தராசு எகிறும். 0.47 என்பது 0.46 ஆனாலே விடை 9.13, 0.48 ஆனால் 8.75. ஆகவே சிறு காசில் இந்தச் சோதனை ஈயத்தையும் செம்பையும் பிரிக்கும், செம்பையும் வெண்கலத்தையும் பிரிக்காது. களிம்பு (செம்பில் பிடிக்கும் பச்சைப் படலம்) தடித்த அசல் காசும் குறைவாகக் காட்டும். மண் ஒட்டிய காசை நீரில் விடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

அதிகம் அடிபடும் பெயர் ராஜராஜன் செப்புக்காசு. ஒரு முகத்தில் நிற்கும் உருவம், மறுமுகத்தில் அமர்ந்த உருவம், அதன் பக்கத்தில் எழுத்து. அந்த எழுத்து நாகரி. "ஸ்ரீ ராஜராஜ" என்றிருக்கும். இன்றைய தமிழ் எழுத்தில் பளிச்சென்று "சோழன்" என்று இருந்தால் லென்ஸை எடுக்க வேண்டியதே இல்லை. இன்னொரு வழுக்கலும் உண்டு. இலங்கை அரசர்கள் பின்னால் இதே வடிவத்தில் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். பராக்கிரமபாகு காசைச் சோழர் காசு என்று சாதிப்பவர்கள் கையில் இருப்பது போலி இல்லை, அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை.

பூஜை அறையிலிருந்து வருபவை வேறு ரகம். 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு "யுகேஎல் ஒரு அணா". கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் செய்து விற்ற வில்லை அது. கும்பிடலாம், விலை பேசக் கூடாது.

வார்த்த போலியை லென்ஸ் காட்டிக்கொடுக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கல், விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடு அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஓர் அச்சுவார்ப்பின் பிள்ளைகள். இந்த விதியைச் சீனத்துச் சதுரத்துளைக் காசுக்குப் போடாதீர்கள். அசலே வார்த்ததுதான், விளிம்பில் அரத்தடமும் இருக்கத்தான் செய்யும். அங்கே உலோகத்தைக் கேட்க வேண்டும். சீனக் காசில் துத்தநாகத்தை வேண்டுமென்றே சேர்த்தது மிங் காலத்தில்தான், 16-ஆம் நூற்றாண்டில். 11-ஆம் நூற்றாண்டு சோங் காசு என்று கொண்டுவந்ததில் ஐந்தில் ஒரு பங்கு துத்தநாகம் இருந்தால் அது வேறு யாரோ வார்த்தது. எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளக்கும் நகைக்கடை எக்ஸ்ஆர்எஃப் கருவி இதைக் காட்டும், ஆனால் அது மேல்தோலை மட்டுமே படிக்கும். களிம்பின் மேல் வைத்து வந்த எண்ணை நம்ப வேண்டாம். பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரசுவதும் வேண்டாம், காசில் காயம்தான் மிஞ்சும்.

களிம்பில்தான் பெரிய சண்டை. மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த செம்பில் பெரும்பாலும் உலோகத்தை ஒட்டிச் செந்நிற அடுக்கும், அதன் மேல் கெட்டியான பச்சையும் இருக்கும். அவசரப் பச்சை அசிட்டோன் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது எழுத்தின் பள்ளத்தில் மட்டும் சாயம்போல் தேங்கியிருக்கும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சை மாவு இரண்டுமில்லை. உப்பின் குளோரைடு உள்ளே அரிக்கிறது, நம் ஈரக்காற்றில் நிற்காது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க விடாமல் செய்வது நம் வீட்டு வழக்கம்தான். குத்துவிளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார்கள். களிம்பு, ஒட்டிய மண், அடுக்கு எல்லாம் வடிகாலில் போயிருக்கும். எடையும் விட்டமும் மட்டும் மிச்சம்.

சரி, காசு தேறிவிட்டது. இனிதான் இரண்டாவது கேள்வி, நம் ஊரில் இதுதான் கடினம். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடு வந்தவர்களின் முடிச்சில் ஊர்க் காசு இருந்திருக்காதா? வயலில் பொறுக்கியது, தாயத்தாகக் கட்டியது, பாட்டி கொடுத்தது. லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கோயில் கட்டும்போது பீடத்தின் அடியில் காசு போட்டிருக்கலாம். அப்படி வந்த ராஜராஜன் காசு சொக்கத்தங்கம்போல அசல், ஆனால் கடாரத்துக்கு அது சாட்சி இல்லை. பழைய லயமோ கோயிலோ இருந்த இடம் என்றால் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள்.

மண்ணும் ஏமாற்றும். பால்மரம் (ரப்பர்) போட்டு, அதைப் பிடுங்கிச் செம்பனை வைத்து, மறுபடி மறுநடவு செய்த நிலத்தில் எக்ஸ்கவேட்டர் அடிமண்ணை மேலே போட்டிருக்கும். எலிவளையும் வேர் அழுகிய பள்ளமும் மேலிருந்ததைக் கீழே இறக்கும். கலையாத அடுக்கில் கிடைத்தாலும் காசு ஒன்றைத்தான் சொல்லும்: அந்த அடுக்கு காசுக்கு முந்தியதில்லை. எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது. சிங்கப்பூர் வணிகர்களுக்காக இங்கிலாந்தில் அடித்த சேவல் காசில் ஹிஜ்ரி 1247, அதாவது 1831, என்றிருக்கும். அதே ஆண்டைப் போட்டு அதற்குப் பிறகும் பல காலம் அடித்தார்கள். காசிலுள்ள ஆண்டுகூட அடித்த ஆண்டில்லை என்றால் விழுந்த ஆண்டை எப்படிச் சொல்வது?

அதனால் கண்ணில் பட்டதும் எடுக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே படம், கைபேசியில் இடக்குறி, மேற்பரப்பிலிருந்து ஆழம், பக்கத்தில் கிடந்த பானை ஓடு, செங்கல், கசடு. காசை மண்ணோடு காகித உறையில் போட்டு மேலே பென்சிலால் தேதியும் தோட்டத்தின் ஃபீல்டு (நிலப்பகுதி) எண்ணும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்க்கும். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி உடனே மாவட்ட அதிகாரிக்கோ பாரம்பரிய ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணும் கிடந்த குழியின் மண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள், அதனால் குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் தனி உறையில் சேர்த்துக் கொடுங்கள்.