கன் அப்புறம், காற்று முதலில்

கிருஷ்ணகிரியில் பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் கூடும் இடத்தைச் சுற்றி டயர் கடைகள் ராப்பகலாக ஓடுகின்றன. லாரிச் சக்கரத்தின் நட்டுகள் மளமளவென்று கழல்வதைப் பார்த்தவருக்கு, வீட்டுக் காருக்கும், காற்றழுத்தத்தில் நட்டு கழற்றும் அப்படியொரு ஏர் கன் வாங்கினால் என்ன என்று தோன்றிவிடும். அந்தக் கடையில் இருப்பது, நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் முனை முக்கால் அல்லது ஒரு இஞ்ச் உள்ள கன். அதற்குக் காற்று கொடுக்க 5 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள கம்ப்ரசர் பின்னால் நிற்கும். காருக்கு அரை இஞ்ச் கன்னே தாராளம். ஆனால் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் கன்னில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு குட்டி கம்ப்ரசர் வாங்குகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

கன் வரும் பெட்டியில் ‘5 சிஎஃப்எம்’, அதாவது நிமிடத்துக்கு 5 கன அடி காற்று, என்று போட்டிருக்கும். அது விட்டுவிட்டு ஓட்டும்போது ஆகும் சராசரிச் செலவு. டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி ஓட்டினால் அரை இஞ்ச் கன் 15 முதல் 20 சிஎஃப்எம் வரை குடிக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர் காற்று. 50 லிட்டர் டேங்கின் காற்றழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்வரை நமக்குக் கிடைப்பது 100 லிட்டர்தான், அதாவது 12 விநாடி. ஒரு நட்டுக்கு 3 விநாடி வைத்தால் நான்கு நட்டு, ஒரு சக்கரம். 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் அந்த 100 லிட்டரை மறுபடி ஏற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வீட்டில் காத்திருக்கலாம், அது குறையே இல்லை. பொறுமையில்லாமல் 4 பாரில் கன்னை அடித்துக்கொண்டே இருப்பதுதான் தப்பு. நட்டு அசையாது, கன்னுக்குள் இருக்கும் சுத்தியல் மட்டும் தேயும். 2 குதிரைத்திறன், 100 லிட்டர் டேங்க் இருந்தால் நிம்மதி. கடையில் கேட்கும்போது வெளியே வரும் காற்று எவ்வளவு என்று கேளுங்கள்; பிஸ்டன் கணக்கில் சொல்லும் எண் எப்போதும் கூடுதலாக இருக்கும்.

ஓசூர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிது. அதே கம்ப்ரசர் அங்கே அந்த அளவுக்குக் குறைவாகத்தான் காற்றை அடைக்கும்.

அடுத்தது ஹோஸ். கம்ப்ரசரோடு இலவசமாக வரும் சுருள் ஹோஸ் வெளியே 8 மில்லி, உள்துளை 5 மில்லிதான். டயருக்குக் காற்றுப் பிடிக்க அது போதும், கன்னுக்கு ஆகாது. உள்துளை 10 மில்லி உள்ள ரப்பர் ஹோஸ் 10 மீட்டருக்குள் வாங்குங்கள். கன் கேட்கும் அழுத்தம் 90 பிஎஸ்ஐ, அதாவது 6.2 பார். அதுவும் டிரிக்கர் அழுத்தியிருக்கும்போது, கன்னுக்குள் காற்று நுழையும் வாயில். ஒரு சிறிய பிரஷர் கேஜை அங்கே மாட்டிப் பாருங்கள். சும்மா இருக்கையில் 90 காட்டும் முள், டிரிக்கரை அழுத்தியதும் 60க்குச் சரிந்தால் குற்றம் ஹோஸிலோ அதை இணைக்கும் கப்ளரிலோ இருக்கிறது. கன் மேல் பழி போட வேண்டாம்.

குவாரிப் பக்கமும் கிரானைட் பட்டறைப் பக்கமும் இருப்பவர்கள் கம்ப்ரசரின் ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். டேங்கின் அடியில் இருக்கும் வால்வை வேலை முடிந்ததும் திறந்துவிட்டால் துருநிறத் தண்ணீர் வரும். அது கன்னுக்குள் போனால் உள்ளே காற்றில் சுழலும் பிளேடுகள் ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு முன்பும் பின்பும் கன்னின் காற்றுவாயில் ஏர் டூல் ஆயில் நாலைந்து சொட்டு விடுங்கள். இன்ஜின் ஆயில் பிசினாகிவிடும்.

சாக்கெட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. பளபளவென்று குரோம் பூசிய கை சாக்கெட்டைக் கன்னில் மாட்டினால் முதல் நாளே உடையாது. முதலில் உள்மூலையில் முடிபோல ஒரு விரிசல் விழும், குரோமின் மினுக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் சில்லாகத் தெறிக்கும். கறுப்பு நிறத்தில், கெட்டிச் சுவரோடு, ஆறு முனையுள்ள இம்பாக்ட் சாக்கெட்டே வேண்டும். 17, 19, 21 மில்லி, ஆழமான வகை, இந்த மூன்றும் நம்மூர் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். அப்போதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாறு விநாடியில் நட்டு அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு, துரு இளக்கும் ஆயில் அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள்.

கன் கழற்றுவதற்கு. முடுக்குவதற்கு கையும், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சும். நட்டை விரலால் நாலைந்து மரை ஏற்றிய பிறகே ஸ்பானர் போட வேண்டும். கோணலாக ஏறும் நட்டை விரல் உடனே கண்டுபிடிக்கும், கன் கண்டுபிடிக்காது, மரையைத் தின்றுவிடும். கன்னால் இறுக்கிய நட்டை நடுவழியில் டயர் பஞ்சரானால் காரோடு வரும் ஸ்பானரால் கழற்ற முடியாது, பிரேக் டிஸ்க்கும் கோணும். சின்னக் கார்களுக்கு இந்த இறுக்கம், அதாவது டார்க், பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் முடிவு. நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டில் எண்ணெய் தடவாதீர்கள். அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

ஆண்டுக்கு நாலு தடவை மட்டும் சக்கரம் கழற்றுபவருக்குக் கம்ப்ரசரே வேண்டாம் என்பது என் எண்ணம். நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பார், நல்ல சாக்கெட், டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக் ஸ்டாண்டு, இவ்வளவு போதும். எதை வைத்து மாட்டினாலும், கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி ஓசூர் போய்ச் சேர்ந்தால் 50 கிலோமீட்டர் ஆகியிருக்கும். சக்கரம் ஆறியதும் டார்க் ரெஞ்சை எடுத்து எதிரெதிர் வரிசையில் ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.