கோத்தகிரி, தை பிறக்கும் முன்னும் பின்னும்

ஜனவரி 4
காலையில் அப்பாவின் ஆக்ஸிஜன் அளவு 91. மூக்கில் குழாய் வைத்ததும் 94.

ஜனவரி 5
மோட்டார் விற்கும் கோயம்புத்தூர்க்காரர் மறுபடி போன். ரோலருக்குப் பல் வெட்டும் நம் மெஷினுக்கு, மோட்டார் எவ்வளவு திரும்பியது என்று எண்ணிச் சொல்லும் என்கோடர் 2500 கோடா, 17 பிட்டா, இன்றைக்கே சொல்லுங்கள் என்கிறார். இரண்டு வாரமாக இதே பாட்டு.

2500 கோடு போதும் என்றுதான் இருந்தேன். ஏ, பி இரண்டு சேனலின் ஏற்ற இறக்கத்தையும் எண்ணினால் சுற்றுக்கு 10,000 கவுண்ட். டேபிளை நகர்த்தும் நம் பால் ஸ்குரூ சுற்றுக்கு 5 மி.மீ. பிட்ச், ஆக ஒரு கவுண்டுக்கு அரை மைக்ரான். டீ இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலருக்கு அங்குலத்துக்குப் பத்துப் பல், இடைவெளி 2.54 மி.மீ., அதாவது 5080 கவுண்ட். மிச்சமே இல்லை. 17 பிட்டில் சுற்றுக்கு 1,31,072. அதே இடைவெளி 66584.576 ஆகிறது. அந்த .576 தூங்க விடவில்லை.

ஜனவரி 6
ஒரே மஞ்சு மூட்டம். பட்டறை திறக்கவில்லை.

ஜனவரி 8
.576 ஒன்றுமில்லை. 36 அங்குல ரோலரில் 360 பல். ஒவ்வொன்றிலும் 66585 என்று முழுசாக்கி .424 கவுண்ட் சேர்த்தே தப்பினாலும் கடைசிப் பல்லில் 6 மைக்ரான்கூட வராது. ஸ்குரூவே சி7 கிரேடு, 300 மி.மீ.க்கு 50 மைக்ரான் வரை தப்பலாம். இதற்கா மூன்று ராத்திரி?

அப்பாவிடம் சொன்னேன். குழாயை விலக்கிவிட்டு ஒரே கேள்வி: "பிளே பாத்தியாடா?"

டேபிளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஜனவரி 9
டயல் கேஜ் வைத்து டேபிளை முன்னும் பின்னும் தள்ளினேன். 0.04 மி.மீ. ஆட்டம். பேரிங் நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கியதும் 0.01. என்கோடர் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பிட் வாங்கினாலும் அதற்கு மோட்டார் திரும்பியதுதான் தெரியும், டேபிள் நகர்ந்ததா என்பது தெரியாது. முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடித்தவருக்கு இது படுத்தபடியே தெரிகிறது.

ஜனவரி 11
93, 94, 93, 90. பயந்துவிட்டேன். விரல் சில்லிட்டிருந்தால் மீட்டர் சரியாகக் காட்டாது என்று சிஸ்டர் சொன்னார். கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தேன். 95.

ஜனவரி 13
17 பிட்தான். துல்லியத்துக்காக இல்லை, மெதுவான ஓட்டத்துக்காக. பல் வெட்டும்போது நிமிஷத்துக்கு 60 மி.மீ. வைத்தால் மோட்டார் 12 ஆர்.பி.எம்.தான். 10,000 கவுண்டில் ஒரு மில்லி செகண்டுக்கு வருவது வெறும் 2. அதில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ வேகம் பாதி தப்பிவிட்டதென்று மோட்டாரை ஓட்டும் டிரைவ் பதறும், மோட்டார் உறுமும், பல்லில் வரி விழும். 17 பிட்டில் அதே நேரத்துக்கு 26 வரும்.

ஆனால் நிமிஷத்துக்கு 10 மீட்டர் ஓட, கவுண்டுக்கு ஒரு பல்ஸ் என்றால் செகண்டுக்கு 43 லட்சத்துக்கு மேல் அனுப்ப வேண்டும். டிரைவுக்குக் கட்டளை அனுப்பும் நம் போர்டு 4 லட்சத்தில் நின்றுவிடும். சரி, எலக்ட்ரானிக் கியரை 1,31,072-க்கு 10,000 என்று வைத்துவிடலாம். கட்டளை 10,000, டிரைவுக்குள் எண்ணுவது முழு 17 பிட். என் 5080 திரும்பி வந்துவிட்டது! இதை முதல் நாளே யோசித்திருக்கலாம்.

ஜனவரி 15
பொங்கல். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஜனவரி 16
காலை 7 டிகிரி, மதியம் 19. இரும்பு மீட்டருக்கு டிகிரிக்கு 11 மைக்ரான் சொச்சம் நீளும். 12 டிகிரிக்கு 130-ஐத் தாண்டுகிறது. புதுக் கவலை.

"ஏன், ரோலர் மட்டும் நீளாதா?" என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. வெகுநேரம் நிற்கவில்லை.

ஜனவரி 17
17 பிட் ஆர்டர். பாதிப் பணம் அனுப்பியாயிற்று.

ஜனவரி 19
விடியற்காலை 88. கையைத் தேய்த்தேன். 88. மறு கையிலும் 88. மேட்டுப்பாளையம் இறங்க வண்டி சொல்லியிருக்கிறது. பார்சல் வந்தால் பக்கத்துக் கடையில் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும்.