மணிமேகலையோட கடைசி நாலு காதை: படிக்கப் படிக்க எழுதின குறிப்பு

ஜூன் 2, 2024

மணிமேகலைங்கற பௌத்தக் காப்பியத்த 27-வது காதையில இருந்து ஆரம்பிச்சாச்சு. பாதிப் பேர் இங்க வந்ததும் புக்க மூடிடுவாங்க, கதை முடிஞ்சிடுச்சு இனிமே வெறும் சமயப் பேச்சுதான்னு. எனக்கு இந்தப் பகுதிதான் உயிர். மணிமேகலை வஞ்சியில ஒரு ஆண் துறவி வடிவத்துல போய் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதின்னு ஒவ்வொருத்தரா பாத்து உங்க கொள்கை என்னன்னு கேக்கறா, அவங்களும் அவங்கவங்க கலைச்சொல்லோட சொல்றாங்க. ஆசீவகம்னு ஒரு சமயமே இப்ப உலகத்துல இல்ல, அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க மிஞ்சின சில நூல்ல இதுவும் ஒண்ணு, அத நினைச்சாலே ஒரு மாதிரி ஆயிடுது.

பிரமாணத்துக்கு, அதாவது ஒண்ண அறியற வழிக்கு, அளவை; நேரா பாத்து அறியற பிரத்யட்சத்துக்குக் காண்டல்; ஒண்ண வச்சு இன்னொண்ண ஊகிக்கற அனுமானத்துக்குக் கருதல். எவ்ளோ லேசா சொல்லிட்டுப் போறார் இத எழுதின சாத்தனார்! வியாசர் பத்து அளவை சொன்னார், கிருதகோடி எட்டு, ஜைமினி ஆறுன்னு கணக்கும் குடுக்கறார்.

பூதவாதி கண்ணால பாக்கறத மட்டும்தான் நம்புவேங்கறான். சரி, உன்னோட அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானம் இல்லாம உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறா. அவ்ளோதான், அதுக்கு மேல அவன்கிட்ட பேச்சே இல்ல.

ஜூன் 5

இன்னிக்கு நேரமில்ல. மணிமேகலைய ஏட்டுல இருந்து பதிப்பிச்ச உ.வே.சா. பத்தி ஒண்ணு மட்டும். கும்பகோணம் காலேஜ்ல இருந்தப்ப இந்த ஏட்டுல வர்ற அரூபப் பிரமர், உரூபப் பிரமர் மாதிரி சொல்லெல்லாம் அவருக்குப் பிடிபடவே இல்ல. கூட வேலை பாத்த ரங்காசாரியார்தான் இது பௌத்தம்னு சொல்லி, அப்புறம் பௌத்த நூல்கள்ல இருந்து விளக்கமும் குடுத்தார். அவ்ளோ பெரிய தமிழ் வித்துவானுக்கே இந்தச் சொல்லு அடையாளம் தெரியலன்னா, அதப் பேசின கூட்டம் இங்க எந்த அளவுக்கு அத்துப் போயிருக்கணும். பதிப்பு 1898-ல வந்துச்சு, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம்னு மூணு தனிப் பகுதியும் சேத்தே போட்டார். அந்த உழைப்புக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.

ஜூன் 9

29-வது காதை, காஞ்சிபுரம், மணிமேகலையோட குருவான பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக் குடுக்கறார். மொத்தமும் தர்க்கம். அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருக்கா, லா படிக்கறா, அவளையே சத்தமா படிக்கச் சொன்னேன். இந்த மலையில நெருப்பு இருக்கு, இது பக்கம். புகை இருக்கறதால, இது ஏது. அடுக்களை மாதிரி, இது திட்டாந்தம். அப்புறம் இந்த மலையிலயும் புகை இருக்குன்னு பொருத்தறது உபநயம், அதனால நெருப்பு இருக்குன்னு முடிக்கறது நிகமனம். புகைக்கு அடுக்களையக் காட்டினவர், நெருப்பில்லாத இடத்துல புகையும் இருக்காதுங்கறதுக்குத் தண்ணியக் காட்டறார்.

அதுக்கப்புறம் தப்பு வாதத்தோட பட்டியல். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. வடமொழியில ஆபாசம்னு இருக்கறதுக்கு போலின்னு போட்டிருக்கார், நாம இன்னிக்கு போலி டாக்டர், போலிப் பத்திரம்னு சொல்ற அதே சொல்லு. 'சத்தம் காதுக்குப் புலனாகாது'ன்னு சொன்னா காட்சிக்கு முரண். 'என் தாய் மலடி'ன்னு சொன்னா தன் சொல்லுக்கே முரண். அந்த வரி வந்ததும் அவ நிறுத்திட்டா. "மாமா, இதெல்லாம் தமிழ்ல இருக்குன்னு எங்க ஸ்கூல்ல ஒருத்தர் கூட சொல்லலயே"ன்னா. எனக்கும் யாரும் சொல்லலம்மா. பிளஸ் டூவுக்குள்ள இந்த அஞ்சு உறுப்பையாவது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு நான் மனசார நினைக்கறேன்.

ஜூன் 16

30-வது காதைக்கு வந்தாச்சு. பன்னிரண்டு நிதானம், அதாவது ஒண்ணு சார்ந்து இன்னொண்ணு வர்ற காரணச் சங்கிலி. பாலியில அவிஜ்ஜா, சங்காரா, விஞ்ஞாணன்னு போற வரிசை இங்க பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பவத்தத் தவிர மத்ததெல்லாம் தமிழ்ச் சொல்லாவே படுது எனக்கு. கண்ணு காது மூக்கு இதுக்கெல்லாம் வாயில்! வெளிய இருக்கறது உள்ள வர்ற வழி, வேற எப்படிச் சொல்ல முடியும்? ஊறுன்னா இப்ப நமக்குக் கெடுதல்னுதான் தோணும், ஆனா குறள்ல 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்'னு வர்ற ஊறு தொடு உணர்ச்சி, அதுதான் இங்கயும். கடைசியில மட்டும் பாலியில மூப்பும் சாவும் இருக்கற இடத்துல வினைப்பயன்னு வச்சிருக்கார், அதுக்கு அவரே பிணி, மூப்பு, சாவுன்னு பின்னாடி விரிச்சும் சொல்லிடறார்.

பேதைமைக்கு அவர் குடுக்கற விளக்கத்த நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். சொன்ன இதையெல்லாம் உணராம மயங்கி, நேர்ல கண்டத மறந்துட்டு, முயலுக்குக் கொம்பு இருக்குன்னு கேட்டத அப்படியே நம்பிடறது. அறியாமைன்னா ஒண்ணும் தெரியாம இருக்கறதுன்னுதான் நெனப்போம், இவர் சொல்றது தெரிஞ்சதக் கைவிட்டுடறத. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது.

ஜூன் 23

இன்னிக்கு முடிச்சிட்டேன். பேதைமை சார்வா செய்கை ஆகும், செய்கை சார்வா உணர்ச்சி ஆகும்னு ஒரு தடவ முன்னாடி போறது, அப்புறம் பேதைமை மீள செய்கை மீளும், செய்கை மீள உணர்ச்சி மீளும்னு அதே சங்கிலி கழண்டுக்கிட்டு வருது. நிரோதம்னு வடமொழியில சொல்றத உரைக்காரங்க ஒடுக்கம், அழிவுன்னு எழுதுவாங்க, சாத்தனார் அந்த எடத்துல மீளும்னு போட்டிருக்கார். அழிக்கச் சொல்லல, பிடி விட்டு வெளிய வரச் சொல்றார்னு நான் படிக்கறேன், பாலி தெரிஞ்சவங்க இத ஒத்துக்குவாங்களான்னு கேக்கணும். வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, அர்த்தம் பாதி அந்த ஓட்டத்துலயே வந்துடும். அடுத்து நீலகேசி எடுக்கப் போறேன், அதுல சமணர் பக்கத்துல இருந்து பௌத்தத்த மறுக்கறாங்க, இதே சொல்லெல்லாம் எதிர்க்கட்சி வாயில எப்படி மாறுதுன்னு பாக்கணும்.