கையைக் கடிக்காமல் பிள்ளைகளோடு ஒரு நாள்: சென்னைக்குள்ளேயே

லீவு விட்டதும் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம், செலவு அதிகமில்லாமல் ஏதாவது சொல்லுங்களேன் என்று. உடனே நாலு பேர் நாலு மால் பெயரைச் சொல்வார்கள். மாலுக்குள் நுழையக் காசு கிடையாது, வாஸ்தவம்தான். ஆனால் ஏசி காற்று முகத்தில் பட்ட மறு நிமிஷமே பாப்கார்ன், அப்புறம் விளையாட்டு மெஷினுக்குக் கார்டு, அப்புறம் பசிக்குது. ஆயிரம் ரூபாய் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

நான் பார்த்த வரையில் குடும்பமாக வெளியே போகிற நாளில் டிக்கெட்டுக்கு ஆகிற காசு சொற்பம். ஆட்டோ, மதியச் சாப்பாடு, வாசலில் விற்கிற பொம்மை, இந்த மூன்றும்தான் பணத்தைக் கரைக்கும். இவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வழி செய்துவிட்டால் இந்த ஊரில் வருஷம் முழுக்கச் சுற்றலாம்.

முதலில் வண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிங்க் அடித்த பஸ் வந்தால் நானும் மகளும் ஏறிவிடுவோம், அப்பாவுக்கு முழு டிக்கெட், ஆறு வயசுப் பையனுக்கு அரை டிக்கெட். அக்காவுக்கு ஃப்ரீ, எனக்கு மட்டும் ஏன் காசு என்று அவன் ஒவ்வொரு முறையும் கண்டக்டரிடம் நியாயம் கேட்பான். ஒரு கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீ பெரிய மனுஷன், உனக்குத்தான் நெஜ டிக்கெட்டு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

பஸ்ஸைவிட எங்கள் வீட்டில் மவுசு, தூண்கள் மேல் ஓடுகிற பறக்கும் ரயிலுக்குத்தான். வேளச்சேரியிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை, ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. பெரியவர்கள் அந்த ஸ்டேஷன்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், இவ்வளவு பெரிய கட்டடம், உள்ளே ஈ காக்கா இல்லையே என்று. பிள்ளைகளுக்கோ ஓடிப்பிடித்து விளையாட அதைவிட வேறு இடம் வேண்டாம் (பிளாட்பாரம் வருவதற்குள் கையைப் பிடித்துவிடுங்கள்). பெருங்குடி பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், மழைக்காலம் முடிந்த கையோடு போனால் நிறையப் பறவை இருக்கும். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு. அப்புறம் கூவத்தின் வாசனை வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமே இருக்காது, ஜன்னல் சீட்டுக்குச் சண்டையும் வராது. மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளை இருந்தால் போய்விட்டுத் திரும்பி வருவதே போதும், இறங்கி எதையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இறங்குவதென்றால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, நடுவில் செயற்கை மரம் ஒன்று, சுற்றிச் சின்ன நாற்காலிகள், கைக்கு எட்டுகிற உயரத்தில் படப்புத்தகங்கள். பையைக் கீழேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெயில் கொளுத்துகிற மே மாதத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏசியும் ஓசி. திறந்த மறு வருஷமே இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டதால் தப்பித்தது. அந்த மரத்தடியில் பிள்ளைகள் புத்தகத்தோடு புரள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

எழும்பூர் மியூசியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1851இல் ஆரம்பித்தது, பெரிய வளாகம், ஒரே நாளில் முழுதாகப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பிள்ளைகள் பாதியில் தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டே கட்டடம் போதும். திமிங்கல எலும்புக்கூடு இருக்கிற விலங்கியல் பகுதி ஒன்று, வெண்கலச் சிலைகள் இன்னொன்று. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நிறுத்தி, காலடியில் மிதிபடுகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் பார் என்று கேளுங்கள், அவர்களாகவே குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார்கள். மீதி அடுத்த முறைக்கு. கட்டணம் சொற்பம்தானே, இன்னொரு நாள் வந்தால் நஷ்டமில்லை.

மெரினா பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணல் இலவசம், அலை இலவசம், குதிரை மட்டும் இலவசம் இல்லை. பஞ்சு மிட்டாய்க்கு 2024இல் அரசே தடை போட்டதில் எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஒரு சண்டை மிச்சம். ஆனால் கலங்கரை விளக்கத்தின் மேலே போக முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1994இல் பாதுகாப்புக் காரணத்துக்காக மக்களுக்கு மூடியதை 2013இல்தான் மறுபடி திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, தாத்தா பாட்டியையும் கூட்டிப்போகலாம். மேலே நின்று சாந்தோம் தேவாலயத்தையும் கடற்கரை மனிதர்கள் எறும்பாகத் தெரிவதையும் காட்டலாம்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் மாமல்லபுரம். தொல்லியல் துறை இடங்களில் 15 வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, இதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாம் இருந்தாலும் எங்கள் வீட்டில் அதிக நேரம் பிடிப்பது ரோட்டோரமாக இருக்கிற அர்ச்சுனன் தபசுதான். ஒரே பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். வழிகாட்டி வேண்டாம், பிள்ளைகளிடம் ஒரு தேடல் வேலையைக் கொடுத்துவிடுங்கள்: ஒரு பூனை சாமியார் வேஷம் போட்டு நிற்கிறது, எங்கே? பெரிய யானையின் பக்கத்தில், முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, வயிறு ஒட்டிப்போய் அது தவம் செய்யும். அதை நம்பி எலிகள் வேறு சுற்றி நிற்கும். கண்டுபிடித்ததும் அடுத்தது, மூக்கைச் சொறிகிற மான். என் மகள் பூனையைப் பார்த்துவிட்டு, தவம் முடிந்ததும் முதலில் எந்த எலி போகும் என்று தம்பியோடு அரைமணி நேரம் வாதம் செய்தாள். அங்கிருந்து வெண்ணெய் உருண்டைப் பாறை பக்கம் போனால் சரிவில் சறுக்கி விளையாடலாம். பழைய டவுசர் போட்டுவிடுவது நல்லது.

சாப்பாடு புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அதுவே நூறு ரூபாய் மிச்சம். கொறிக்கிற சாமான் தனியாக ஒரு டப்பாவில் இருக்கட்டும், அது என் கைப்பையில் இருக்க வேண்டும், அவர்கள் பையில் அல்ல. பொம்மைக்கு ஆளுக்கு முப்பது ரூபாய் காலையிலேயே கையில் கொடுத்துவிடுவேன். அவரவர் காசு என்றதும் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், பாதி நாள் செலவழிக்காமல் உண்டியலுக்குப் போய்விடுகிறது.

காசே இல்லாமல் பார்க்கக் கிடைப்பதில் என் ஓட்டு ஆமைக்குஞ்சுக்குத்தான். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் ஜனவரியிலிருந்து நம் கடற்கரையில் முட்டையிட வரும். ஒரு கூட்டில் நூறு முட்டை போல இருக்கும், குஞ்சு வெளிவர 45 நாளுக்கு மேல் ஆகும். 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறார்கள். இரவு நடைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது கஷ்டம், நள்ளிரவு தாண்டியும் மணலில் நடக்க வேண்டும். ஆனால் மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர் பக்கம் சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், அதற்குப் போகலாம். தொடக் கூடாது, ஃப்ளாஷ் போடக் கூடாது, முன்னால் போய் நிற்கக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் நோக்கித்தான் நகரும், கடலைவிட ஊர் வெளிச்சம் அதிகமாக இருந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்று அங்கே விளக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த என் பையன் இப்போதெல்லாம் பால்கனி லைட்டை அணைத்துவிடுகிறான், எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து கிலோமீட்டர்.

கிளம்புவதற்கு முன் வார விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். வண்டலூரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நல்ல இடம்தான், ஆனால் டிக்கெட் விலையை ஏற்றிவிட்டார்கள், 600 ஹெக்டேர் நடக்கவும் வேண்டும், கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பையன் என் இடுப்பில்தான் வருவான். அவன் கொஞ்சம் வளரட்டும்.