பூஞ்சைய விட ஒரு கேஸ் ஷீட்டுக்கு அலைஞ்ச அலைச்சல் பெருசு

மண்டபத்துல கடலுக்குப் போற எங்க சித்தப்பாவுக்கு ஐப்பசி மழையில காய்ச்சல் புடிச்சு, டெஸ்ட்ல எச்1என்1னு, அதாவது பன்றிக்காய்ச்சல்ங்குற ஃப்ளூன்னு வந்து, நிமோனியா ஆகி ராமநாதபுரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுல சேர்த்தோம். கொஞ்சம் தேறுன மாதிரி இருந்துச்சு, திடீர்னு மறுபடி காய்ச்சல், சளியில ரத்தம் கீத்து கீத்தா. மதுரைக்கு கொண்டு போங்கன்னுட்டாங்க.

கையில குடுத்த சீட்ட நீங்க பாத்துருக்கணும். பேரு, வயசு, 'வைரல் நிமோனியா, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்', கீழ ஒரு கிறுக்கல் கையெழுத்து. அம்புட்டுதான்.

மதுரையில டாக்டரம்மா சிடி ஸ்கேன பாத்துட்டு ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. ஸ்டீராய்டு எவ்வளவு போட்டாங்க? டிபி மாத்திரை ஏதும் ஆரம்பிச்சாங்களா? எங்களுக்கு என்ன தெரியும். அவங்களுக்கு சந்தேகம் ஆஸ்பர்ஜில்லஸ் மேல. அந்தப் பூஞ்சையோட வித்து காத்துல எங்கிட்டும் இருக்கு, தினம் நம்ம எல்லாரும் இழுக்குறோம், ஒண்ணும் ஆகாது. ஃப்ளூ மூச்சுக்குழாயோட உள்தோல அரிச்சு வச்சுருக்கும்போது, கூட ஸ்டீராய்டும் சேந்தா, அது உள்ள வேர் விட்டுருதாம். நெதர்லாந்து, பெல்ஜியம் ஐசியுக்கள்ல பாத்து 2018ல போட்ட ஆய்வுல, ஃப்ளூ முத்தி வந்தவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சுன்னாங்க. ஒட்டுவாரொட்டி இல்ல, வீட்டுல யாரும் தட்ட தனியா வைக்க வேணாம்.

டிபி மாத்திரைய ஏன் கேட்டாங்கன்னா, இந்தப் பூஞ்சைக்கு முதல்ல குடுக்குறது வோரிகோனசோல், டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் உடம்புல இருந்தா வோரிகோனசோல் ரத்தத்துல நிக்கவே நிக்காது, ஈரல் வேகமா கரைச்சு தள்ளிரும். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா அங்க யாரும் எடுக்கல. 110 கிலோமீட்டருக்கு மேல பஸ் புடிச்சு திரும்பப் போனேன்.

ரெக்கார்ட் செக்‌ஷன்ல இருந்த ஆளு தலைய நிமித்தாமலே "பேஷண்ட் நேர்ல வரணும்"னான். "அவரு மதுரையில ஆக்சிஜன்ல கெடக்காருய்யா"ன்னேன். அப்ப அவரு கைப்பட எழுதுன லெட்டராம்! முகத்துல மாஸ்க்கோட கெடக்குற மனுசன் லெட்டர் எழுதுவாரா? மதியம் வரைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் விட்டானுக. கடைசியில ஐசியுல எங்கள தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க டூட்டி டாக்டர்கிட்ட நேரா கூட்டிட்டுப் போய் விட, அவரு கேஸ் ஷீட்ட, அதான் குடுத்த மருந்தெல்லாம் எழுதி வச்ச பதிவ, எடுக்கச் சொன்னாரு, பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அங்கன நின்னே வாட்ஸ்அப்ல அனுப்புனேன். பாத்தா, சளி டெஸ்ட்ல டிபி இல்லன்னு வந்தும் எக்ஸ்ரே நிழல நம்பி ரிஃபாம்பிசின் ஏத்திருக்காங்க!

டாக்டரம்மா உடனே அத நிப்பாட்டிட்டு, அதோட வேகம் அடங்க ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் வேற பூஞ்சை மருந்துன்னு லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் ஊசி ஆரம்பிச்சாங்க. கிட்னி, பொட்டாசியம்னு அடிக்கடி ரத்தம் எடுத்தாங்க. பிராங்கோஸ்கோப்பி பண்ணி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் விட்டு, நுரையீரல கழுவுன தண்ணியில இந்தப் பூஞ்சையோட தடயத்த தேடுற காலக்டோமன்னன் டெஸ்ட் பாசிட்டிவ். மத்தது நல்லபடியா போச்சு, பிறகு வோரிகோனசோல் மாத்திரைக்கு மாத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அதனால ஐசியுல ஆள் இருக்கும்போதே தினம் மருந்து சார்ட்ட போட்டோ எடுத்து வைக்க அனுமதி கேளுங்க, ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் வாங்காம ஸ்கேன் படம் இருக்குற சிடி டிஸ்கையும் வாங்குங்க. வோரிகோனசோல் மாத்திரை எங்க ஊர்க் கடையில கெடையாது, மதுரையில இருந்தே மொத்தமா வாங்கிட்டு வந்தோம், கம்பெனிக்கு கம்பெனி விலை ஏகத்துக்கு மாறுது, விசாரிச்சு வாங்குங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்ன இல்ல பின்ன போடணும். ஆரம்பத்துல கண்ணுக்கு வெளிச்சம் பளிச்சுன்னு அடிக்குது, கலர் மாறித் தெரியுதுன்னு பயந்தாரு, அது இந்த மருந்துக்கு வழக்கந்தானாம். வெயில் ஆகவே ஆகாது, தோல் வெந்துரும், கரையில வலை பின்னுறதுக்குக் கூட இப்ப விடுறதில்ல, ஏசுறாரு, ஏசட்டும்.

இன்னொண்ணு. மருந்து ரத்தத்துல எவ்வளவு நிக்குதுன்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. சித்தப்பா காலையில மாத்திரைய போட்டுட்டு வந்துட்டாரு, லேப்ல எடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, முன்கூட்டியே யாரும் சொல்லல. அன்னைக்கு மாத்திரைய சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் போங்க, ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கலாம்.